மார்பக அறுவை சிகிச்சை எல்லாமே ஆடம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், மார்பகத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றும் அறுவை சிகிச்சைகள் யாவும் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றும், அவற்றுக்காக அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கையைக்கூட ஒதுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார். அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருடைய கோபத்தில் ஒரு பகுதி நியாயமானது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மார்பின் கனத்தால் கழுத்து வலித்துக் குனிந்தே நடக்கும் பெண்ணையும், புற்றுநோய்க்கு ஒரு மார்பைப் பறிகொடுத்த பெண்ணையும், இருப்பதைப் பெரிதாக்கிக்கொள்ள விரும்பும் பெண்ணையும் ஒரே வரிசையில் நிறுத்தி மூவருக்கும் கதவைச் சாத்துவது, முதல் இருவருக்குச் செய்யும் அநீதி. மூன்றாமவரையும் அது காப்பாற்றப் போவதில்லை. அரசு மருத்துவமனையின் கதவு மூடினால் அவர் போய் நிற்கும் இடம் வேறு.

முதலில் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் நம் வட்டாரத்தில் அதிகம் தேவைப்படுவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் எங்கள் வார்டுக்கு வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. நாள் முழுவதும் மெஷினில் குனிந்து உட்காரும் வேலை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தே அவரைப் பல இடங்களில் அனுப்பியிருந்தார்கள். கட்டுப் போடும் அறையில் அவர் ரவிக்கையைக் கழற்றியபோது இரண்டு தோளிலும் உள்ளாடைப் பட்டை அழுத்திய இடத்தில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, தோல் கறுத்துத் தடித்திருந்தது. மார்புக்கு அடியில், தோலும் தோலும் உரசும் மடிப்பில், தோல் வெந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பவுடர் போட்டுப் போட்டு அது கட்டியாகி ஒட்டியிருந்தது. "சித்திரை வெயில்ல இன்னா சிஸ்டர் பண்றது, துணிய மடிச்சி வெச்சிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்" என்றார். வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவருக்குச் செய்த அறுவையில் எடுத்த திசு இரு பக்கமும் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டியது. மறுநாள் காலையில், உடம்பில் இரத்தக் கசிவை வெளியேற்றும் வடிகுழாய்களோடு எழுந்து உட்கார்ந்தவர், தையல் வலிக்கிறது என்பதற்கு முன்பே கழுத்து லேசாக இருக்கிறது என்று சொன்னார். இந்தச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் இதே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பருவம் எய்தும்போதே மார்பகம் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடும் சிறுமிகளும் உண்டு. அவர்கள் விளையாட்டு வகுப்பை விட்டு ஒதுங்குவார்கள், துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கூன் போட்டே நடக்கப் பழகுவார்கள். பொண்ணுக்கு இயற்கையிலேயே கூச்ச சுபாவம் என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

குறைப்பு அறுவை எளிதானது என்று நான் சொல்லவில்லை. முழு மயக்கம் கொடுத்து, காம்பையும் அதைச் சுற்றிய கருவளையத்தையும் இரத்த ஓட்டம் அறாமல் திசுவோடு சேர்த்து மேலே நகர்த்தி, மிகையான கொழுப்பையும் சுரப்பியையும் தோலையும் வெட்டியெடுத்துத் தைக்கும் பெரிய அறுவை அது. கருவளையத்தைச் சுற்றியும், அதிலிருந்து நேர் கீழாகவும், பெரும்பாலும் அடி மடிப்பு நெடுகிலும் தழும்பு இருக்கும். அது காலப்போக்கில் மங்குமே தவிர மறையாது. நம்மவர்களின் தோலில் தழும்பு தடித்துக் கறுப்பாக எழும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிலருக்குக் காம்பில் உணர்ச்சி குறையும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் தையல் பிரியலாம், அரிதாகக் காம்பே கறுத்து அழுகிவிடவும் கூடும். பின்னால் தாய்ப்பால் கொடுக்க முடியுமா என்பது எந்த முறையில் அறுவை செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே பிள்ளைப்பேறு அண்மையில் இருக்கும் என்று நினைப்பவர்கள் தள்ளிப்போடுவதே நல்லது. உடல் எடை மிகுந்திருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். நாற்பது வயதைக் கடந்தவருக்கு மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள், எடுத்த திசுவையும் தவறாமல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் இறுக்கமான ஆதரவு உள்ளாடையை இரவு பகலாக அணிய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கைப்பிள்ளையையும் தூக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் அறுவையைவிடக் கடினமானது.

இரண்டாவது, புற்றுநோய்க்குப் பிந்திய மறுசீரமைப்பு. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், பலருக்கு மார்பை முழுதாக எடுக்க வேண்டியதே இல்லை. கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் காக்கும் பலன் சமமானதே என்று இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டன. இருந்தும் நம் பக்கத்துப் பெண்கள் கட்டியைச் சொல்லக் கூச்சப்பட்டு, அது தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அப்போது முழுதாக எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகிறது.

அப்படி எடுத்தவர்களில் ஒருவர், குடியாத்தத்துக்கு அருகே தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்தவர், மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் தன் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சிறு துணிப்பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் போவார். பழைய வேட்டித் துணியில் தைத்து, உள்ளே கடுகு நிரப்பி, எஞ்சிய மார்பின் எடைக்கு அவரே கைத்தராசில் நிறுத்துப் பார்த்துச் செய்தது அது. பஞ்சு வைத்தால் மேலே ஏறிக்கொள்கிறது, கடுகுதான் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறது என்று எனக்கு விளக்கினார். மழைக்காலத்தில் கடுகு பூத்துப் போவதால் மாதம் ஒரு முறை பிரித்து மாற்றவேண்டி இருந்ததாம். சிலிக்கோனில் செய்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு கடைகளில் கிடைக்கிறது என்பதோ, தன் வயிற்றுச் சதையிலிருந்தே புது மார்பை உருவாக்க முடியும் என்பதோ அதுவரை யாரும் அவர் காதில் போடவில்லை. நோய் போனது போதாதா, இந்த வயதில் இது எதற்கு என்பதே அவர் குடும்பத்தின் கேள்வி. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

மறுசீரமைப்பில் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்து, மார்பிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைப்பது ஒன்று. முதுகுத் தசையைத் தோலோடு முன்புறம் திருப்பிக் கொண்டுவருவதும் இதில் அடங்கும். வயிற்றுத் திசுவில் செய்வது பல மணி நேரம் பிடிக்கும், தேர்ந்த கைகள் தேவை, வயிற்றிலும் தழும்பு விழும். ஆனால் கிடைப்பது சொந்தச் சதை, எனவே உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும், பருத்தால் அதுவும் பருக்கும். மற்றொன்று, மார்புத் தசைக்கு அடியில் பலூன் போன்ற பையை வைத்து, வாரக் கணக்கில் உப்புநீரை ஊசியால் ஏற்றித் தோலை விரித்து, பிறகு நிரந்தரமான சிலிக்கோன் பையை வைப்பது. கதிர்வீச்சு வாங்கிய மார்பில் பை வைத்தால் அதைச் சுற்றி இறுக்கமும் தொற்றும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அத்தகையவர்களுக்குச் சொந்தத் திசுவையே மருத்துவர்கள் விரும்புவார்கள். கடைசியில் காம்பை அந்தத் தோலையே மடித்து எழுப்பி, கருவளையத்தைப் பச்சை குத்தியும் கொண்டுவருவார்கள். மார்பை அகற்றும் அன்றே இதைச் செய்யலாம், சில ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். மறுசீரமைப்பால் புற்றுநோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுவதில்லை. ஒன்றுமே வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லும் பெண்ணின் முடிவும் முழுமையான முடிவுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்கு ஏன் அரசுப் பணம் என்று கேட்கும் அன்பருக்கு, அவர் வாழும் இதே வேலூரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1946இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தி உலகத்துக்கே வழிகாட்டினார் என்பது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நோய் குணமான பிறகும் உதிர்ந்த புருவமும் அமுங்கிய மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்ததால் ஊரும் உறவும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கண்டு, தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார், மூக்கை நிமிர்த்தினார். புருவம் இல்லாமல் எவரும் செத்துப்போவதில்லை. அதை ஆடம்பரம் என்று அன்று எவரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆணும் பெண்ணுமாகத் தொழுநோயாளிகளுக்குச் செய்தபோது மறுவாழ்வு என்று கொண்டாடிய அதே வேலையை, மார்பு என்றதும் ஏன் வேறு கண்ணால் பார்க்கிறோம்?

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்யும் பட்டியலில் அழகில்லாத பெண்களையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கும் ஆண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கோட்டைக் கோயில் சாமியான ஜலகண்டேசுவரர் 1981இலேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார், ஆனாலும் பட்டியல் மட்டும் மாறவில்லை. பெண்ணின் தோற்றத்தை இப்படித் தெருவில் வைத்து எடை போடும் ஊர், அவளே தன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் மட்டும் ஆடம்பரம் என்கிறது.

இனி, அன்பரின் கோபம் நியாயமாகும் இடத்துக்கு வருகிறேன். நோயோ வலியோ இல்லாமல், அளவைக் கூட்டுவதற்காக மட்டும் மார்புக்குள் பை வைத்துச் செய்யப்படும் அறுவையை, தங்கப் பல் கட்டிக்கொள்வதைப் போல ஒரு முறை பணம் கட்டி முடித்துவிடும் சமாசாரமாக விற்கிறார்கள். அது அப்படியல்ல. சிலிக்கோன் ஜெல் நிரப்பிய பையை முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தியது 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். மார்பில் குத்தியிருந்த பச்சையை நீக்கிக்கொள்ள வந்த பெண் அவர். முப்பது ஆண்டுகள் இலட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்ட பிறகு, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று 1992இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அழகுக்காக அதைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைத்தது. கூடுதல் ஆய்வுகளுக்குப் பின் 2006இல், 22 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் அனுமதித்தது. பிரான்சில் ஒரு நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளில் பயன்படும் சிலிக்கோனை நிரப்பிப் பல நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களுக்கு விற்றது 2010இல் அம்பலமானது. அதன் நிறுவனருக்கு 2013இல் மார்சேய் நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதை 2016இல் உலக சுகாதார நிறுவனம் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலையில் அவ்வகையில் பெருமளவு விற்பனையான ஒரு பை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. 2021இல், அறுவைக்கு முன் பெண் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டிய எச்சரிக்கைப் பட்டியலை அமெரிக்கா கட்டாயமாக்கியது.

இவற்றையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. பை வைத்துக்கொண்ட பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பை ஆயுள் முழுவதற்குமானது அல்ல. அதைச் சுற்றி உடம்பு போடும் உறை சிலருக்கு இறுகி, மார்பு கல்லாகி வலிக்கும். உப்புநீர்ப் பை கிழிந்தால் விரைவில் சுருங்கித் தெரிந்துவிடும், ஜெல் பை கிழிந்தாலோ வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால்தான் பொருத்திய ஐந்தாறு ஆண்டுகளிலும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஸ்கேன் செலவையும், என்றாவது ஒருநாள் பையை எடுக்கவோ மாற்றவோ ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் நாள் கட்டணத்தை மட்டும் சொல்லி வட்டியில்லாத் தவணை என்று ஆசை காட்டுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. பை வைத்திருப்பவர் மேமோகிராம் எடுக்கும்போது அதை முதலிலேயே சொல்ல வேண்டும். படம் எடுக்கும் முறையே மாறும். பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மேற்சொன்ன நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும், தொடக்கத்திலேயே பையையும் உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள்.

பை வேண்டாம் என்பவர்களுக்கு, வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சியெடுத்து மார்பில் செலுத்தும் முறை இருக்கிறது. செலுத்தியதில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்பதால் அளவு சிறிதே கூடும், இரண்டாம் முறையும் செய்ய வேண்டி வரலாம். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பிறகோ உடல் இளைத்த பிறகோ தொய்ந்த மார்புக்குப் பெரும்பாலும் வேண்டியது பை அன்று. மிகையான தோலை வெட்டி, காம்பை உயர்த்தித் தைக்கும் அறுவையே அதற்குரியது. தொய்வுக்குப் பையை மட்டும் வைத்தால் கனம் கூடி மேலும் இறங்கும். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்களுக்கும், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உள்ளவர்களுக்கும் இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்து தேவைப்படும். அவர்களை நான் மூன்றாம் வகையில் சேர்க்கவே மாட்டேன்.

எண்ணெய், கிரீம், மாத்திரை, கைப்பம்பு ஆகியவற்றால் மார்பு பெரிதாகவோ நிமிரவோ செய்யாது. உடற்பயிற்சிகூட அடியில் இருக்கும் தசையைத்தான் வலுவாக்கும், மேலே உள்ள கொழுப்பையும் சுரப்பியையும் அல்ல. பெண்ணின் மார்பு வடிவத்தை மாற்றும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின்படி குற்றம், அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இது பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையம் வரும் வழியில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. என் உறவுப் பெண் ஒருத்தி, திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், யாருக்கும் தெரியாமல் அப்படி ஒரு கிரீமைத் தபாலில் வரவழைத்துத் தடவி, மார்பெல்லாம் கொப்புளித்து, காரணத்தைத் தாயிடம்கூடச் சொல்ல முடியாமல் என்னிடம் வந்தாள். அதைவிடக் கொடியது, அழகு நிலையங்களிலும் வீட்டு அறைகளிலும் திரவ சிலிக்கோனையோ வேறு நிரப்பியையோ ஊசியால் நேரடியாக மார்பில் ஏற்றுவது. முறையாகப் படித்த எந்த மருத்துவரும் அதைச் செய்யமாட்டார். திசுவுக்குள் பரவியதைப் பிறகு முழுதாக வெளியே எடுக்கவே முடியாது.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான், 2018இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கும் மார்பகச் சீரமைப்பு அறுவைகளைக் கட்டணமின்றிச் செய்ய அரசு முன்வந்தது. அன்றைக்கும் தொலைக்காட்சிகளில் கேலிதான் மிகுந்தது. அளவைக் கூட்டுவதற்கு மட்டும் என்று வருபவரை வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள் என்று அன்பர் கேட்டால் நானும் கையெழுத்திடுவேன், ஆனால் வரிசையே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன்.

பணம் கட்டிக் காப்பீடு எடுத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அழகு அறுவைக்குப் பணம் தர மாட்டோம் என்று எல்லா மருத்துவக் காப்பீட்டிலும் ஒரு விலக்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அந்த விலக்கின் இரண்டாம் பாதியை எவரும் படித்துக் காட்டுவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியாக உள்ள ஆபத்தை நீக்கத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்கும் அறுவைக்கும் அந்த விலக்கு பொருந்தாது என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகத்திலேயே இருக்கிறது. மார்பை அகற்றிய பெண்ணின் மறுசீரமைப்பை அழகு அறுவை என்று எழுதி மறுத்தால், அந்த வரியைக் காட்டி எழுத்தில் முறையிடலாம். குறைப்பு அறுவைக்கு வழக்கு இவ்வளவு எளிதல்ல, வாதாட வேண்டியிருக்கும். தோள் பள்ளம், ஆறாத புண், எத்தனை மாதம் என்னென்ன மருத்துவம் பார்த்தும் பயனில்லை என்பதெல்லாம் மருத்துவச் சீட்டில் ஏறியிருந்தால்தான் வாதம் நிற்கும். ஆகவே சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

தனியார் இடத்தில் செய்துகொள்ள முடிவு செய்தவர் முதலில் பார்க்க வேண்டியது பெயர்ப் பலகையை அன்று, மருத்துவரின் பட்டத்தை. பொது அறுவையில் முதுநிலை முடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா என்றும், அது மருத்துவக் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதா என்றும் தயங்காமல் கேட்கலாம். தோல் மருத்துவமோ அழகுக்கலைச் சான்றிதழோ படித்தவர் மார்பில் கத்தி வைக்கக் கூடாது. மயக்க மருந்து நிபுணர் அறுவை முடியும்வரை உடனிருப்பாரா, இரவில் இரத்தக் கசிவு வந்தால் மறுபடி திறந்து பார்க்க அதே இடத்தில் வசதி உண்டா என்பவை அடுத்த கேள்விகள். பை வைத்தால் அதன் நிறுவனப் பெயரும் தொடர் எண்ணும் உள்ள அட்டையை வீட்டுக்கு வரும்போது கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். 2019இல் பைகள் திரும்பப் பெறப்பட்டபோது, அந்த அட்டை இல்லாதவர்களுக்குத் தன் உடம்பில் இருப்பது எது என்றே தெரியவில்லை. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றான பிறகும் இந்தப் பக்கத்துப் பெண்கள் பெரிய சிகிச்சைக்கு வந்து சேரும் அரசு மருத்துவமனை அடுக்கம்பாறைதான். அங்கே வாரத்தில் ஒரு நாளாவது, பெண் மருத்துவரும் பெண் ஆலோசகரும் இருக்கும் மார்பக வெளிநோயாளர் நேரம் ஒன்றை அறிவிக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டி, வலி, அளவு, வடிவம் என்று எந்தக் காரணத்துக்காக வந்தாலும் ஒரே கதவு, ஒரே சீட்டு என்றிருந்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் எதற்காக வந்திருக்கிறாள் என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது. கட்டியைச் சொல்லக் கூச்சப்படும் பெண்ணும் அப்போது துணிந்து வருவாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கு மார்பை எடுத்த பிறகு மறுசீரமைப்பு எந்த மருத்துவமனையில், எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதை அந்த அறையின் வாசலிலேயே தமிழில் எழுதி மாட்டி வைக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் இத்தகைய கிரீம் விளம்பரங்கள் இரண்டை நான் கத்தரித்து இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அவற்றை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் மாதம் ஒரு முறை, பிளாஸ்டிக் சர்ஜரி படித்த பெண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, வாசகிகளின் கேள்விகளுக்குப் பெயர் குறிப்பிடாமல் பதில் வெளியிடலாம். கைப்பேசியில் கேட்கச் சொன்னால் பலர் கேட்க மாட்டார்கள், ஏனெனில் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான், அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். எனவே அனுப்புநர் முகவரி எழுதாத தபால் உறைகளையும் ஏற்றுக்கொள்வதாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுச் செவிலியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.